எஞ்சின் விளக்கு எரிந்தால்: வீட்டுக்கேற்ற ஸ்கேனரைத் தேர்ந்தெடுக்கும் விஷயம்

லண்டன் மாநகரில் மூன்று வயது கடந்த கார் ஒவ்வொன்றும் ஆண்டுக்கொரு முறை எம்.ஓ.டி. என்னும் பரீட்சைக்கு உட்பட்டாக வேண்டும் என்பதும், அதற்கு 54 பவுண்டு 85 பென்ஸுக்கு மேல் எவரும் கட்டணம் வசூலிக்கலாகாது என்பதும் இங்கே கார் வைத்திருக்கும் தமிழர் யாவரும் அறிந்தவையே. ஆனால் 2018 மே 20ஆம் தேதி அப்பரீட்சையின் விதிகள் திருத்தப்பட்டபோது, டாஷ்போர்டில் மஞ்சளாக எரியும் எஞ்சின் விளக்கு ஒன்றே காரைத் தோல்வியுறச் செய்யப் போதுமான பெருங்குறையாகிவிட்டது என்பதை, அந்த விளக்கு தம் காரிலேயே எரிகிற அன்றுதான் பலர் உணர்கிறார்கள். ஈஸ்ட் ஹாமிலும் வெம்பிளியிலும் ஹாரோவிலும் டூட்டிங்கிலும் வாழும் நம் குடும்பங்களில், அதிகாலை வேலைக்கும், மளிகைக்கும், பிள்ளைகளைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துப் போவதற்கும் ஒரே காரை நம்பியிருப்பவர்கள் அநேகர். அந்தக் கார் நின்றுவிட்டால் குடும்பத்தின் அன்றாட ஒழுங்கே குலைந்துபோகிறது. கராஜுக்குக் கொண்டுபோனாலோ, குறை இன்னதென்று கண்டு சொல்வதற்கே தனிக் கட்டணம் கேட்பது வழக்கம். பழுது நீக்கும் கூலி அதற்கப்பாற்பட்டது. ஆகவே, வீட்டிலேயே குறையை அறிய உதவும் ஒரு சிறு ஸ்கேனரை மலிவாக வாங்கி வைத்துக்கொள்ளலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்ற கேள்வி, சிக்கனமுள்ள கிருகஸ்தர் எவருக்கும் எழுவது நியாயமே.

இந்தச் சாதனத்தின் பூர்வோத்தரத்தை அறிந்துகொண்டால், அதன் பலமும் பலவீனமும் தாமாகவே விளங்கும். காரின் குறையைக் காரே பதிந்து வைக்கும் ஏற்பாடு வாகன உரிமையாளரின் சௌகரியத்தை உத்தேசித்துப் பிறந்ததன்று. அது காற்றைக் காப்பதற்காகப் பிறந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் புகைமூட்டத்திற்குக் கார்ப் புகையும் சூரிய வெளிச்சமும் சேர்ந்தே காரணம் என்பதை ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி நிரூபித்த பின்னர், கலிபோர்னியா மாகாணம் கார்களின் மீது மேலும் மேலும் நிபந்தனைகளை விதித்து, 1988ஆம் ஆண்டு மாடல்கள் முதல், புகை சம்பந்தமான கருவிகள் பழுதுற்றால் காரே அதை அறிவித்தாக வேண்டும் என்று கட்டளையிட்டது. 1996 மாடல் முதல் அமெரிக்கா முழுவதற்கும் ஒரே விதமான ஏற்பாடு வந்தது. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் புதிய பெட்ரோல் கார்களுக்கு 2001லும் டீசல் கார்களுக்கு 2004லும் அது கட்டாயமாயிற்று. ஸ்டியரிங்கின் கீழே, பெரும்பாலும் ஒரு சிறு மூடிக்குப் பின்னால், பதினாறு துளைகளுடன் மறைந்திருக்கும் ஓ.பி.டி. சாக்கெட் அந்தச் சட்டத்தின் பிரத்தியட்ச வடிவம். புகைக்காகப் பிறந்த ஏற்பாடாகையால், எந்தக் கம்பெனியின் காரிலும் எந்த மலிவு ஸ்கேனரும் பொதுவாகப் படிக்கக்கூடியது புகையோடு சம்பந்தப்பட்ட எஞ்சின் விவரங்களை மட்டுமே. பிரேக்கும் ஏர்பேக்கும் அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் வரவில்லை. ஸ்கேனரை வாங்கியபின் ஏமாந்தோம் என்று வருந்துபவர்களில் பெரும்பாலோர் இந்த ஒரு விஷயத்தை அறியாதவர்களே.

லண்டன்வாசிகளுக்கு இதில் ஒரு சௌகரியமும் உண்டு. 2019 ஏப்ரலில் நகரின் மத்தியில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 29 முதல் எல்லா வட்டாரங்களையும் தழுவிக்கொண்ட யூலெஸ் என்னும் தூய காற்று மண்டலத்தில், நாளொன்றுக்குப் பன்னிரண்டரை பவுண்டு செலுத்தாமல் ஓட வேண்டுமானால் பெட்ரோல் கார் யூரோ 4 தரத்தையும் டீசல் கார் யூரோ 6 தரத்தையும் எட்டியிருக்க வேண்டும். அத்தகைய கார்கள் ஏறக்குறைய எல்லாமே மேற்சொன்ன சட்டங்களுக்குப் பின்னர் செய்யப்பட்டவை. எனவே, நாற்பது வயது கடந்த புராதன வண்டிகளை விட்டுவிட்டால், கட்டணமின்றி இங்கே ஓடும் பெட்ரோல், டீசல் கார்களில் அந்தச் சாக்கெட் இருக்குமோ இராதோ என்ற சந்தேகத்துக்கு அநேகமாக இடமில்லை.

இனி, ஸ்கேனர் சொல்லும் கோட் என்னும் குறியீட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் வீண் செலவு நேருவது இங்கேதான். குறியீடு எந்தச் சோதனை தவறியது என்று சொல்லுமேயன்றி எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. உதாரணமாக, பி0420 என்று திரையில் தோன்றினால், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் வரம்புக்குக் கீழே போய்விட்டதாகக் காரின் கம்ப்யூட்டர் கருதுகிறது என்பதே பொருள். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் அடங்கியதாகையால் விலை மிகுந்த பாகம் அது. அவற்றுக்காகவே லண்டன் தெருக்களில் பிரியஸ் கார்களின் அடியிலிருந்து அதை அறுத்துச் சென்ற திருடர்களின் அட்டூழியத்தை நம்மவர் பலர் அனுபவித்திருக்கிறார்கள். குறியீட்டைப் பார்த்தவுடன் அந்தப் பாகத்தையே மாற்றப் புறப்படுவது அவசரம். சைலன்சர் குழாயில் ஒரு சிறு ஓட்டை இருந்தாலும், பின்புற ஆக்ஸிஜன் சென்சார் கெட்டிருந்தாலும் அதே குறியீடு வரக்கூடும். உண்மையைத் தெரிந்துகொள்ள, ஓடும் எஞ்சினின் அளவீடுகளை அவ்வப்போதே காட்டும் ‘லைவ் டேட்டா’ வசதி வேண்டும்: சாதாரண ஆக்ஸிஜன் சென்சார் பொருத்திய கார்களில் முன்புறச் சென்சாரின் அளவு 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே இடையறாது ஏறி இறங்கிக்கொண்டிருக்க, பின்புறச் சென்சார் ஏறக்குறைய ஒரே நிலையில் நின்றால் கன்வெர்ட்டர் ஆரோக்கியமாக இருக்கிறது. பின்புறமும் முன்புறத்தைப் போலவே துள்ளினால் கன்வெர்ட்டரைச் சந்தேகிக்க நியாயமுண்டு.

எரிபொருள் கலவையில் காற்று மிகுந்துவிட்டது என்று முறையிடும் பி0171 குறியீட்டிலும் இதே நிலைதான். எஞ்சின் சும்மா ஓடும்போது கம்ப்யூட்டர் மிகுதியாகப் பெட்ரோல் சேர்த்து, வேகம் கூடியதும் அதைக் குறைத்துக்கொள்கிறதென்றால், எங்கோ ஒரு ரப்பர் குழாய் விரிசல் விட்டுக் காற்றை உறிஞ்சுகிறது என்று ஊகிக்கலாம். பாரம் கூடக் கூட அந்தச் சேர்க்கையும் கூடினால், காற்றளவு சென்சாரையோ பெட்ரோல் வரும் வழியையோ பார்க்க வேண்டும். முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று பி0301 சொன்னால், அதன் இக்னிஷன் காயிலை இரண்டாம் சிலிண்டருக்கு மாற்றிப் பொருத்தி, குறியீட்டை அழித்து, சற்றுத் தூரம் ஓட்டிப் பார்க்கலாம்; பி0302 என்று குறியீடு இடம்மாறினால் குற்றவாளி அந்தக் காயிலே என்பது செலவில்லாமல் நிரூபணமாகிவிடும். லைவ் டேட்டா காட்டாமல் குறியீட்டை மட்டும் சொல்லும் ஸ்கேனரை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

சந்தையில் மிக மலிவானவை, சாக்கெட்டில் செருகிப் புளூடூத் வழியே கைபேசியோடு பேசும் சிறு அடாப்டர்கள். ‘எல்ம் 327’ என்ற பெயர் அவற்றில் பெரும்பாலானவற்றின் மீது அச்சிடப்பட்டிருக்கும். கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் என்ற கம்பெனி உருவாக்கிய அந்தச் சிப்பின் முதற்பதிப்பு நகல் செய்ய இயலாதவாறு பாதுகாக்கப்படாமற்போனதால், போலிகள் உலகெங்கும் பெருகின. அக்கம்பெனியே 2022இல் மூடப்பட்டுவிட்டது. 1.5 என்ற பதிப்பை அது வெளியிட்டதே இல்லை. ஆயினும் அந்த எண்ணைத் தாங்கிய அடாப்டர்கள் இன்றும் விற்பனையாகின்றன. போலி என்பதாலேயே எல்லாம் பிரயோஜனமற்றவை அல்ல. சில நன்றாகவே வேலை செய்கின்றன, சில பாதிக் கட்டளைகளுக்குப் பதிலே சொல்வதில்லை. ஐபோன் வைத்திருப்பவர்கள், பழைய புளூடூத் அடாப்டர்கள் தங்கள் கைபேசியோடு பேச மாட்டா என்பதை அறிந்து, ‘புளூடூத் எல்.ஈ.’ அல்லது வைஃபை வகையைக் கேட்டு வாங்க வேண்டும். கைபேசியோடு மல்லாட விரும்பாதவர்களுக்கு, ஆட்டெல், லான்ச், ஃபாக்ஸ்வெல் முதலிய கம்பெனிகளின் திரையுள்ள கையடக்க ஸ்கேனர்களே உசிதம்.

புகை சம்பந்தமான எஞ்சின் விவரங்கள் என்ற எல்லைக்கு அப்பால் போக வேண்டிய நிர்ப்பந்தம் எப்போது வரும்? ஏ.பி.எஸ். விளக்கோ ஏர்பேக் விளக்கோ எரிந்தாலும் எம்.ஓ.டி.யில் தோல்விதான், அவற்றைப் பொது ஸ்கேனர் காணவே காணாது. மின்சாரக் கைப்பிரேக் உள்ள காரில் பின் பிரேக் பேட் மாற்றுவதற்கும், சில கார்களில் புதிய பேட்டரியைக் கம்ப்யூட்டருக்கு அறிமுகப்படுத்துவதற்கும், டீசல் காரின் புகை வடிகட்டியில் படிந்த கரியை எரிப்பதற்கும் காருக்குக் கட்டளையிடக்கூடிய ஸ்கேனர் வேண்டும். அதற்காக எல்லாக் கார்களுக்குமான விலையுயர்ந்த யந்திரத்தைத் தேட வேண்டியதில்லை; ஒரே கார் வைத்திருப்பவர் அந்த ஒரு காருக்கென்றே செய்யப்பட்டதை வாங்கினால் போதும். ஃபோர்டு கார்களுக்கு ஃபோர்ஸ்கேன், வோக்ஸ்வாகன், ஆடி, ஸ்கோடா வகையறாக்களுக்கு வி.சி.டி.எஸ். ஆகியவை லேப்டாப்பில் இயங்குபவை. ஐகார்சாஃப்ட் போன்ற தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு கார்க் கம்பெனிக்கும் தனித்தனிக் கையடக்கச் சாதனங்களே விற்கிறார்கள். ஆனால் ஏர்பேக்கையும், ஹைப்ரிட் காரின் ஆரஞ்சு நிற மின்கம்பிகளையும் வீட்டில் தொடவே கூடாது. அங்கே ஸ்கேனரின் வேலை குறையின் பெயரை அறிந்துகொள்வதோடு முடிந்துவிட வேண்டும்.

குறியீட்டை அழிப்பது பழுது நீக்குவதாகாது. எடுத்த எடுப்பில் அழித்துவிட்டால், குறை ஏற்பட்ட கணத்தில் எஞ்சினின் வேகமும் வெப்பமும் எவ்வளவு இருந்தன என்று கார் பதிந்து வைத்த அரிய சாட்சியமும் சேர்ந்தே அழிந்துபோகும். பிறகு தேர்ந்த மெக்கானிக்கிடம் போனாலும் அவர் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தேட வேண்டியவராவார். வேலை முடிந்தவுடன் அடாப்டரைக் கழற்றிவிடுவதும் அவசியம், ஏனெனில் இரவெல்லாம் செருகியிருந்தால் பேட்டரியை அது மெல்ல மெல்லக் குடித்துவிடக்கூடும்.

பெட்ரோலில் ஓடும் சாதாரண ஜப்பானியக் காரோ சிறு ஐரோப்பியக் காரோ வைத்திருப்பவருக்கு, லைவ் டேட்டா காட்டும் மலிவு ஸ்கேனரே பல்லாண்டுகளுக்குப் போதும். டீசல் கார்க்காரரும் மின்சாரக் கைப்பிரேக் உள்ளவரும் தம் கார்க் கம்பெனிக்குரிய தனி ஸ்கேனருக்குப் பணத்தைச் சேர்த்து வைப்பதே விவேகம். தபாலில் வரவழைத்த பொருளைக் காரணம் சொல்லாமலே பதினான்கு நாட்களுக்குள் ரத்து செய்யவும், பழுதுள்ள பொருளை முப்பது நாட்களுக்குள் நிராகரித்துப் பணத்தைத் திரும்பப் பெறவும் பிரிட்டிஷ் சட்டம் நமக்கு உரிமை தந்திருக்கிறது, ஆகவே எம்.ஓ.டி. நாள் நெருங்கும்வரை பெட்டியைப் பிரிக்காமல் வைத்திராமல், வந்த அன்றே காரில் செருகி, அது உங்கள் காரோடு பேசுகிறதா என்று சோதித்துவிடுங்கள்.