மலைக்கணக்கு – 7: கச்சான் மாதத்து அரைப்பேர்

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் வீதியில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. 2005இல் தொடங்கியது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கும் பெறுமதி சேர்த்தலுக்கும் என்றே அங்கே ஒரு பட்டப்படிப்பு உண்டு. அதே வீதியில் மேலே போனால் பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் ஊவா நிலையம். இலையை ஆராய இந்தப் பக்கத்தில் ஆளுக்குக் குறைவில்லை. அந்த இலையைப் பறிப்பவரின் சம்பளக் கணக்கையும் அதே அக்கறையோடு ஆராய வேண்டும் என்பதைத்தான் இந்த வாரம் சொல்ல வருகிறேன்.

ஊவாத் தேயிலை உலகச் சந்தையில் தனிப்பெயர் எடுத்தது ஜூலை முதல் செப்டெம்பர் வரையான பருவத்தால். தென்மேல் பருவக்காற்று மத்திய மலையின் மேற்குப் பக்கம் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் ஈரமில்லாத கச்சானாக இறங்குகிறது. பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் அந்தக் காற்றிலும் செடி வாடுகிறது. தளிர் மெதுவாக வளர, இலைக்குள் மணம் தரும் சேர்மங்கள் திரள்கின்றன. மெதைல் சலிசிலேட் அவற்றில் முக்கியமானது. கொழும்பு ஏலத்தில் வாங்குபவர்கள் போட்டி போடுவது அந்த மணத்துக்குத்தான்.

அதே மாதங்களில் மலையில் கொழுந்து குறைகிறது. ஒரு நாளுக்கு இத்தனை கிலோ என்று தோட்டம் ஓர் அளவு வைத்திருக்கும். 16, 18, 20 என்று தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். அதை எட்டாதவருக்கு அரைப்பேர். காய்ந்த காலத்தில் அளவைக் குறைக்கும் தோட்டங்களும் உண்டு. ஆனால் குறைப்பதும் குறைக்காததும் தொரையின், அதாவது தோட்ட முகாமையாளரின், முடிவு. பையின் எடைக்கும் ஈரத்துக்கும் என்று தராசடியிலேயே கொஞ்சம் கழிந்துவிடுகிறது. அரைப்பேர் விழுந்தால் அன்றைய சம்பளம் பாதியாவதோடு போவதில்லை. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி கட்டும் 8 வீதமும் தோட்டக் கம்பனி கட்டும் 12 வீதமும் அந்தப் பாதிக்குத்தான் கணக்காகும். வேலையை விட்டு நிற்கும் காலம் வரை அந்தக் குறை கூடவே வரும்.

தேயிலை நல்ல விலைக்குப் போகிற மாதத்தில் அதைப் பறித்தவர் கையில் குறைந்த காசு வரக்கூடிய ஏற்பாடு இது. கிலோவை மட்டுமே உற்பத்தித்திறன் என்று கொள்ளும் எந்தச் சூத்திரமும் ஊவாவில் இங்கேதான் வந்து முட்டும்.

ஏல விலையில் தொழிலாளிக்கும் பங்கு வேண்டும் என்ற எண்ணம், கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தில் இல்லாமலிருக்கவில்லை. 2016இல் நாட்சம்பளம் 730 ரூபாய்: அடிப்படை 500, வரவுக்கு 60, உற்பத்தித்திறனுக்கு 140, விலைப்பங்கு 30. 2019இல் அடிப்படை 700 ஆனது, வரவுக்கும் உற்பத்தித்திறனுக்குமான கொடுப்பனவுகள் போய்விட்டன, விலைப்பங்கு 50. ஏலத்தில் விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்த 50 அசையாததாகவே இருந்தது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் வழியாக 1000 ரூபாய் வர்த்தமானியில் வந்ததும் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டே விலகின. அதன்பின் பேச்செல்லாம் 1000, 1350, 1700 போன்ற நாட்சம்பள எண்களையே சுற்றி வருகிறது. மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது, அதில் எத்தனை அரைப்பேர் என்று மேடையில் யாரும் கேட்பதில்லை. சம்பளப் போராட்டங்களை இத்தனை காலம் பார்த்தும் இது எனக்கு ஆறாத வருத்தம்.

வணிகமோ விவசாயப் பொருளியலோ படிக்கும் மாணவர் ஒருவருக்கு இது அளவான ஆய்வு. ஒரு தோட்டம் போதும். கொழும்பு ஏலத்து விலைகளைத் தரகு நிறுவனங்கள் வாரந்தோறும் வெளியிடுகின்றன. அதன் பக்கத்தில் அந்தத் தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலை மாதவாரியாக வைத்துப் பார்த்தால், விலை ஏறும்போது வீட்டுக்குப் போகும் காசு ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

எதை வைத்து அளக்கிறோம் என்பதில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதற்கு வறுமைக் கணக்கே சாட்சி. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின்படி 2016இல் தோட்டத்துறையில் ஏழைகள் 8.8 வீதம், 2019இல் 33.8 வீதம். மூன்று ஆண்டில் தோட்டங்கள் நாலு மடங்கு ஏழையாகிவிடவில்லை. முதல் எண், 2002ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட பழைய வறுமைக்கோட்டின்படி வந்தது. இரண்டாவது, 2012/13இன் நுகர்வை வைத்துத் திருத்திய கோட்டின்படி வந்தது. பழைய கோட்டை நம்பி, தோட்டங்களில் வறுமை ஒழிந்து வருகிறது என்று எழுதியவர்கள் இருந்தார்கள். அத்தனை ஆண்டும் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருந்தவர்கள் கணக்குக்கு வெளியே நின்றார்கள்.

இப்போது கம்பனிகள் முன்வைப்பது வருமானப் பகிர்வு முறை. ஒரு குடும்பத்துக்கு இத்தனை செடி என்று பிரித்துக் கொடுத்து, அவர்கள் பராமரித்துப் பறிக்கும் கொழுந்தைக் கம்பனி வாங்கிக்கொள்ளும். உரத்துக்கும் மருந்துக்கும் கழித்துக்கொண்டு மிச்சம் வரும். சிறு தோட்ட உரிமையாளருக்குச் சராசரி விற்பனை விலையில் 68 வீதம், தொழிற்சாலைக்கு 32 வீதம் என்று தேயிலைச் சபை முறை ஒன்று இருக்கிறது. நாட்டுத் தேயிலையில் பெரும்பங்கு அந்தச் சிறு தோட்டங்களிலிருந்துதான் வருகிறது. அவர்களைப் பார்த்து, தோட்டத் தொழிலாளியும் அப்படி முன்னேறலாமே என்கிறார்கள். சிறு தோட்டக்காரருக்கு நிலம் சொந்தம். தோட்டத் தொழிலாளிக்கு லய அறை கூடச் சொந்தமில்லை. செடியைப் பொறுப்பெடுத்தவருக்குச் சேமலாப நிதியை யார் கட்டுவது? கச்சான் நீண்டு கொழுந்தே இல்லாமல் போன மாதத்தின் நட்டம் யாருக்கு? இவற்றுக்கு எழுத்தில் பதில் வராமல் இந்த முறையைப் பரப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆய்வும் எழுத்தும் சட்டத்தை அசைத்த அனுபவம் மலையகத்துக்கு உண்டு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு, தோட்ட மக்களுக்குச் சபை நிதியில் வேலை செய்வதற்குத் தடையாக நின்றது. வாக்குப் போட்டவர்களுக்குப் பாதை போட்டுக் கொடுக்க முடியாத சபைகள் அவை. ஆய்வாளர்களும் மலையக அமைப்புகளும் விடாமல் எடுத்துக் காட்டியதன் பின், 2018இல் அது திருத்தப்பட்டது.

சம்பளக் கணக்கிலும் அப்படி ஒன்று செய்யலாம். 1992இல் கம்பனிகளிடம் போனது தோட்ட நிர்வாகம். 53 ஆண்டுக் குத்தகையும் அவர்களுக்குக் கிடைத்தது. நிலம் இன்றும் அரசினுடையது, கம்பனிகளில் சிறப்பு உரிமை தரும் பொற்பங்கும் அரசிடமே. நிலத்துக்காரர் என்ற உரிமையில் அரசு, ஒவ்வொரு தோட்டமும் மாதந்தோறும் வேலை நாள், முழுப்பேர், அரைப்பேர், நாளுக்கு வைத்த கிலோ அளவு, கொடுத்த சம்பளம் ஆகியவற்றை ஆட்களின் பெயரில்லாமல் பல்கலைக்கழகங்களுக்குத் தர வேண்டும் என்று குத்தகை நிபந்தனையில் சேர்க்கலாம். பதுளையிலிருந்தே அதைத் தொடங்கலாம். செக்ரோலில் அரைப்பேர் எப்படி விழும் என்று அம்மாவின் சம்பளச் சீட்டைப் பார்த்தே தெரிந்துகொண்ட பிள்ளைகள் இன்று பல்கலைக்கழக வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.