கடகமும் மூன்று தடிகளும்: பிலிப்பைன்சில் எமது முதல் நாட்கள்

"மாஸ்ரர், காணி இல்லாதவனுக்கும் அங்கை ஏதும் படிப்பு இருக்கோ எண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ."

2003 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் நாம் பயணப்பட்ட அன்று, எமது மாணவன் ஒருவனின் பாட்டனார் சொல்லியனுப்பிய வார்த்தை இது. அவர் 1990 இலும் 1995 இலும் இடம்பெயர்ந்தவர். செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் செய்த அந்த மனிதர், அப்போது வன்னியில் பிறருடைய வளவில் கொட்டில் போட்டுக்கொண்டு நிவாரண அரிசியில் சீவித்தார். நாமும் அவருடைய பேரப்பிள்ளைக்குக் கிடுகு வேய்ந்த பள்ளிக்கூடத்தில் விவசாயம் கற்பித்துக்கொண்டிருந்தோம். பாடப் புத்தகத்தில் தோட்டம் இருந்தது. பிள்ளைகளின் வீட்டில் இருக்கவில்லை.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் ஏற்பட்டுப் பாதையும் திறந்தபடியால் எமது பயணம் கைகூடியது. குழுவில் ஏழு ஆசிரியர்கள். வன்னியிலிருந்து நாம் இருவர். மற்றையோர் மட்டக்களப்பு, மலையகம், இரத்தினபுரி ஆகிய இடங்களைச் சேர்ந்தோர். விமானத்தில் ஏறுவது எம்மில் ஐவருக்கு முதல் அனுபவம். சிங்கப்பூரில் ஒரு விமானம் மாறி, மணிலாவில் இன்னொன்று மாறி, தெற்கே மின்டனாவோ தீவின் டாவாவோ நகரில் இறங்கினோம்.

பழகிய காட்சி

விமான நிலையத்தில் துப்பாக்கி ஏந்திய படையினர் எமது பைகளைக் கிண்டிப் பார்த்தார்கள். அவ்வாண்டு மார்ச் 4 ஆம் திகதி அந்த நிலையத்தின் வாசலில் குண்டு வெடித்து 20 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். ஒரு மாதத்துக்குள் நகரின் துறைமுகத்திலும் ஒரு குண்டு வெடித்தது. அத்தீவிலும் நெடுங்காலப் போர் நடந்து, எமது பயணத்துக்கு முந்திய யூலை மாதத்திலேதான் போர்நிறுத்தம் கைச்சாத்தாகியிருந்தது. "எல்லா இடமும் இப்படித்தானா?" என்று இரத்தினபுரி ஆசிரியை மெல்லக் கேட்டார். எவரும் பதில் சொல்லவில்லை.

அன்றிரவு உணவு வந்தபோதுதான் மனம் சற்று இளகியது. அம்மக்கள் மூன்று வேளையும் சோறு உண்பவர்கள். காலையிலும் சோறும் கருவாடும் உண்டு. கோப்பையில் முருங்கையிலை மிதந்தது. அதன் பெயர் என்னவென்று கேட்டோம். தகாலு மொழியில் "மலுங்காய்" என்றும், அப்பகுதிப் பேச்சில் "கமுங்காய்" என்றும் சொன்னார்கள். மாம்பழத்துக்கு "மங்கா" என்று பெயர். மாங்காய் என்ற எமது சொல்தான் மலாய் மொழி வழியாகக் கடல் தாண்டி அங்கே போயிருக்கிறது. ஆனால் எமக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. எமது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அன்று என்ன உண்டிருப்பார்கள் என்ற நினைவு கூடவே வந்துவிட்டது.

மலைச்சரிவில் வேலிகள்

இரண்டாம் நாள் பன்சாலன் என்னும் ஊருக்குச் சென்றோம். 2,954 மீற்றர் உயரமான அப்போ மலையின் அடிவாரம் அது. பிலிப்பைன்சின் மிக உயர்ந்த மலை அதுவே. அங்கே பப்ரிஸ்ற் சபையார் 1971 இல் தொடங்கிய கிராமிய வாழ்வு நிலையம் இருந்தது. அதை நடத்திய ஹெரல்ட் வொட்சன் என்ற அமெரிக்கர் 1985 இல் மக்சேசே விருது பெற்றவர்.

அச்சரிவுகளில் காடு வெட்டிச் சோளம் செய்த விவசாயிகளின் மேல்மண் மழையோடு போய்விட்டது, விளைச்சல் விழுந்தது. 1978 இல் நிலையத்தார் அதே போன்ற தேய்ந்த சரிவில் ஒரு ஹெக்டயரைத் தெரிந்து புதுமுறை ஒன்றைத் தொடங்கினார்கள். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், நாலைந்து மீற்றருக்கு ஒன்றாக அவரையினத் தழைமரங்களை இரட்டை வரிசையில் நெருக்கமாக நட்டார்கள். வேலி மண்ணைப் பிடித்தது. அடிக்கடி வெட்டிய குழை, இடையிலுள்ள பயிருக்குப் பசளையாயிற்று. பின்னர் ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்தபோது, பழைய முறையில் ஒரு ஹெக்டயரிலிருந்து ஆண்டுக்கு 190 தொன்னுக்கு மேல் மண் கரைந்தது. வேலியிட்ட நிலத்தில் 4 தொன்னுக்கும் குறைவு.

ஒரு தோல்வியையும் அவர்கள் மறைக்கவில்லை. ஆரம்பத்தில் இப்பிலிப்பில் மரத்தையே எங்கும் நட்டார்கள். 1980களின் நடுப்பகுதியில் சிறு பூச்சியொன்று வந்து அம்மரங்களின் தளிரையெல்லாம் உறிஞ்சிவிட்டது. அதன் பின்னரே கிளிரிசீடியா முதலிய பல இனங்களைக் கலந்து நடப் பழகினார்கள்.

இரத்தினபுரி ஆசிரியை அந்தச் சரிவை விட்டு அசையாமல் நின்றார். அவ்வாண்டு மே மாதத்தில்தான் அவருடைய மாவட்டத்தில் பெருமழையால் மலைகள் சரிந்து கிராமங்கள் புதைந்திருந்தன. மலையக ஆசிரியர் ஒரு கொப்பி நிறைய எழுதிக்கொண்டார். நாமோ தட்டையான வன்னியிலிருந்து போனவர்கள். இத்தனை தூரம் வந்தும் எமக்குரிய பாடம் இல்லையோ என்ற ஏக்கம் பிடித்துக்கொண்டது.

ஆசிரியர் மாணவரானார்

பின்னேரம் மட்டம் பார்க்கும் கருவி செய்யச் சொன்னார்கள். ஒரே நீளமான இரண்டு தடிகளை மேல்நுனியில் கட்டிக் கால்களை அகட்டி, நடுவில் குறுக்குத்தடி ஒன்றைக் கட்டி, உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிடவேண்டும். அவ்வளவுதான். நாம் கணிதமும் கற்பித்தவர்கள் அல்லவா! அடிமட்டத்தால் குறுக்குத்தடியின் நடுவை அளந்து, "இதுவே மட்டம்" என்று கத்தியால் வெட்டினோம்.

அருகில் நின்ற வயோதிப விவசாயி சிரித்தார். கருவியைத் தூக்கிக் கால்கள் இரண்டையும் இடம் மாற்றி அதே தடங்களில் வைத்தார். கயிறு எமது வெட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி விழுந்தது. முதலில் கயிறு தொட்ட இடத்தையும், கால் மாற்றியபின் தொட்ட இடத்தையும் குறித்து, அவ்விரண்டுக்கும் நடுவே அடையாளமிடவேண்டும். தடி கோணலாக இருந்தாலும் மட்டம் பிழைக்காது. அவர் பள்ளிக்கூடம் போனவரல்லர். அன்று அவர்தான் எமக்கு ஆசிரியர்.

"நானும் பக்விட்"

மூன்றாம் நாள் எம்மோடு பயிற்சியில் இருந்தவர்களில் ஒருவர், பிக்கிட் என்ற பகுதியைச் சேர்ந்த முஸ்லிம் விவசாயி. எமக்கு எவ்வளவு நிலம் இருக்கிறது என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் விசாரித்தார். "நிலம் இருக்கிறது, ஆனால் அங்கே போகமுடியாது" என்றோம். அவர் எமது கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் பக்விட்" என்றார். போருக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடியவர்களுக்கு அங்கே வழங்கும் பெயர் அது. அவ்வாண்டு பெப்ரவரியில் பிக்கிட்டில் நடந்த சண்டையில் அவருடைய வீடு எரிந்துவிட்டது.

அவரே பயிற்றுநரிடம் கேட்டார்: "சேர், மரவேலி வளர ஒரு வருடமாவது செல்லும். நான் இருப்பது இன்னொருவர் நிலம். அடுத்த வருடம் எங்கே இருப்பேனோ தெரியாது. நான் ஏன் மரம் நடவேண்டும்?"

கொட்டிலில் இருந்த பெரியவரின் கேள்வி, வேறொரு மொழியில் எமக்கு முன்னால் நின்றது.

பயிற்றுநர் வாதாடவில்லை. குத்தகைக்காரர் மரம் நடத் தயங்குவது நியாயமே, அதற்கு முதலில் நில உறுதி வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். பின்பு எம்மைச் சமையற்கட்டின் பின்பக்கம் கூட்டிச் சென்றார். அங்கே 100 சதுர மீற்றர் அளவில், அதாவது எமது அரைப் பரப்புக்கும் குறைந்த இடத்தில், ஒரு தோட்டம். "வீட்டில் எப்போதும் உணவு" என்பது அதன் பெயர். பாத்திகளின் நடுவே மூங்கிற் கூடைகள் பாதியளவு புதைந்திருந்தன. கூடைக்குள் எருவும் குப்பையும் குழையும். கூடையைச் சுற்றிக் கத்தரி, பாகல், வெண்டி. குழை உக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உக்க உக்க வேர் அதைத் தேடிப் போகும்.

ஒரு பகுதியில் இரண்டு முதல் நான்கு மாதத்தில் பலன் தரும் பயறும் கீரையும். இன்னொரு பகுதியில் ஆறு மாதத்துக்கு மேல் நிற்கும் கத்தரியும் பாகலும். ஓரத்தில் ஆண்டு முழுதும் இலை தரும் முருங்கை, வள்ளி, கங்குன். பிக்கிட் விவசாயி குந்தியிருந்து ஒரு கூடையைக் கையால் கிளறி, மண்ணை மணந்து பார்த்தார். அன்று மாலை அவரும் நாமும் சேர்ந்து மூன்று கூடைகள் பின்னினோம்.

ஊர் திரும்பிய பின்

டாவாவோவில் ஆண்டு முழுதும் மழை பெய்யும். எமக்கோ மாரி சில மாதமே. ஆகவே கண்டதை அப்படியே செய்யாமல் சிறிது மாற்றினோம். வாசகர்கள் செய்து பார்க்கவேண்டிய முறை இதுதான்:

பழைய கடகம் ஒன்றை எடுங்கள். இல்லையேல் ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழத்தில் குழி தோண்டிச் சுற்றிவரத் தடிகளை ஊன்றிப் பனையோலையால் பின்னுங்கள். அடியில் ஒரு பேணி ஆட்டெரு அல்லது கோழியெரு; அதன்மேல் கிளிரிசீடியா, பூவரசங் குழை; மேலே வீட்டுக் குப்பை. மூன்றடிக்கு ஒரு கடகம். அதைச் சுற்றி நாலு விரல் தள்ளிக் கன்றை வையுங்கள். கோடையில் தண்ணீரைக் கன்றுக்கு ஊற்றாமல் கடகத்துக்குள் ஊற்றுங்கள். குளித்த தண்ணீரும் போதும். பாதி இடத்தில் முதலில் நட்டு, அது காய்க்கும்போது மறுபாதியை நடுங்கள்.

பள்ளிக்கூட வேலியோரம் பிள்ளைகளோடு முதல் கடகத்தைத் தாட்டபோது, கேள்வி கேட்டனுப்பிய பெரியவரும் வந்திருந்தார். சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "இது எங்கட அப்பு தோட்டத்துக்குக் குழை தாட்டதுதானே மாஸ்ரர்! இதுக்கோ பிளேன் ஏறிப் போனனீங்கள்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த நாள் காலையில் அவருடைய கொட்டிலடியில் இரண்டு கடகங்கள் புதைந்திருந்தன.

அந்தத் தோட்டங்கள் நிலைக்கவில்லை. 2008 இலும் 2009 இலும் மக்கள் மீண்டும் மீண்டும் எழும்பி ஓடவேண்டியதாயிற்று. பெரியவரும் இன்று இல்லை. ஆனால் மெனிக் பாம் முகாமில் ஒரு நாள், கூடாரங்களுக்கிடையே இரண்டு முழ இடத்தில், அரிசிச் சாக்கொன்றில் குப்பையை அடைந்து புதைத்து, அதைச் சுற்றிப் பசளிக் கொடி படரவிட்டிருந்த ஓர் இளந்தாயைக் கண்டோம். அவள் எமது பழைய மாணவி. கடகம் கிடைக்கவில்லையாம். 2012 இல் முகாம் மூடப்பட்டு ஊர் திரும்பியபோது, விதைகளைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனாள்.

தமது காணி விடுபடும் என்று காத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. காணியைக் கேட்பதை நாம் ஒருபோதும் நிறுத்தக்கூடாது. கடகம் காணிக்கு ஈடாகாது. ஆனால் காத்திருக்கும் காலத்திலும் பிள்ளைகளின் கோப்பையில் ஒரு பிடி கீரை விழவேண்டும். இந்த மாரிக்கு ஒரு கடகத்தைத் தாட்டுப் பாருங்கள்.