நீராவிக்கு நீராவியே காவல்

காங்கேயம் பக்கம் அரிசி ஆலை ஒன்றில் பாய்லர் பார்க்கும் வாசகர் கேட்கிறார்: "எங்கள் பாய்லரில் சேஃப்டி வால்வு பத்து கிலோ பிரஷரில் திறக்கும். அதுவரை சத்தமே இருக்காது. திறந்தால் கொட்டகையே அதிரும். ஒன்பதரைக்கு இறங்கும்வரை மூடாது. நெல் அவிக்க வேண்டிய ஆவி அத்தனையும் வீண். பத்தைத் தாண்டியதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் போதாதா? செயற்கை நுண்ணறிவு சென்சார் மாட்டிவிட்டால் இந்த வால்வே வேண்டாம் என்று விற்க வந்தவர் சொல்கிறார். உண்மையா?"

இரண்டாவது கேள்விக்கும் விடை முதல் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

பத்து கிலோ பிரஷரில் பாய்லருக்குள் இருக்கும் தண்ணீரின் சூடு சுமார் 183 டிகிரி. ஓடு எங்காவது கிழிந்தால், ஒவ்வொரு டன் தண்ணீரிலும் ஆறில் ஒரு பங்கு அந்த நொடியே ஆவியாகிவிடும். அந்த ஆவிக்கு வெளியில் 260 கன மீட்டருக்கு மேல் இடம் வேண்டும். ஆலைச் சுவர்கள் பறப்பது இதனால்தான்.

குக்கரை எடுத்துக்கொள்வோம். அதன் மேல் உட்காரும் வெயிட்டும் ஒரு சேஃப்டி வால்வுதான். ஆவியின் தள்ளு விசை வெயிட்டை மிஞ்சினால் விசில், குறைந்தால் மறுபடி உட்காரும். பருப்பு நுரை போய்த் துளையை அடைப்பது போல பாய்லரில் உப்புப் படிவு அடைக்கும். தண்ணீர் வற்றினால் குக்கர் மூடியில் உருகும் உலோகக் குமிழ் போலவே, பல பாய்லர்களில் அடுப்பின் உச்சியில் உருகும் பிளக் ஒன்று உண்டு. கேஸ்கெட், மூடி என்று இன்னும் நீட்டலாம். ஆனால் வெயிட் விஷயத்தில் குக்கர் நம்மைக் கைவிடுகிறது. பாய்லர் வால்வின் வாய் 50 மில்லிமீட்டர் அகலம் என்றால், பத்து கிலோ பிரஷரில் ஆவி அதைத் தள்ளும் விசை கிட்டத்தட்ட 200 கிலோ. அவ்வளவு இரும்பை அதன் தலையில் நேராக ஏற்றுவதைவிட, நெம்புகோலின் நுனியில் சிறிய எடையைத் தொங்கவிடலாம், அல்லது ஸ்பிரிங்கை வைத்து அழுத்தலாம். இன்று பெரும்பாலும் ஸ்பிரிங்தான்.

ஸ்பிரிங் வந்ததும் ஒரு சிக்கலும் கூடவே வருகிறது. குக்கர் வெயிட் எவ்வளவு எழும்பினாலும் அதே எடைதான். ஸ்பிரிங் அப்படியில்லை, அமுக்க அமுக்க எதிர்ப்பு கூடும். வால்வுத் தட்டு ஒரு நூலளவு மேலே போனதுமே ஸ்பிரிங் முன்னைவிட அதிகமாகக் கீழே தள்ளும். விளைவு, தட்டு முழுதாகத் திறக்காமல் மயிரிழை இடைவெளியில் மிதந்து 'உஸ்ஸ்' என்று கசியும். வாசகர் கேட்பது இதைத்தான். ஆனால் அந்த மெல்லிய ஆவி ரம்பம் போல, தட்டு உட்காரும் சீட்டில் கோடு கிழித்துவிடும். பிறகு அந்த வால்வு எப்போதும் 'பாஸ்' ஆகிக்கொண்டே, அதாவது கசிந்துகொண்டே, இருக்கும். அதைவிட மோசம், அடுப்பு முழு வேகத்தில் எரியும்போது உண்டாகும் ஆவியை அந்த மயிரிழை வழி வெளியேற்றவே முடியாது.

இதற்குக் கண்டுபிடித்த தந்திரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வால்வின் வாயைவிடத் தட்டைச் சற்று அகலமாகச் செய்து, விளிம்பைக் கீழ்நோக்கி உதடு போல வளைத்தார்கள். சுற்றிலும் ஒரு வளையம். வாய்க்கும் உதட்டுக்கும் நடுவே சின்ன அறை ஒன்று உருவாகிவிடுகிறது. மூடியிருக்கும்போது ஆவி தொடுவது 50 மில்லிமீட்டர் வட்டத்தை மட்டும். பரப்பு 20 சதுர சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. முதல் இழை ஆவி கசிந்ததும் வெளியே போக முடியாமல் அந்த அறையில் மாட்டிக்கொள்கிறது. இப்போது அது தட்டின் முழு அகலத்தையும் தள்ளும். 60 மில்லிமீட்டர் தட்டு என்றால் பரப்பு 28 சதுர சென்டிமீட்டருக்கு மேல். போதாதற்கு, வளைந்த உதட்டில் மோதும் ஆவி கீழ்நோக்கித் திரும்பும்போது தட்டை மேலே உதைக்கிறது. ஸ்பிரிங்கின் கூடுதல் எதிர்ப்பை இந்தக் கூடுதல் விசை வென்றுவிட, தட்டு ஒரே எம்பில் முழுதாகத் திறக்கிறது. கொட்டகை அதிர்வது அதனால்தான்.

மூடத் தாமதமாவதும் இதே காரணத்தால்தான். திறந்த நிலையில் ஆவி அகலமான பரப்பைத் தாங்கி நிற்பதால், பிரஷர் பத்துக்கு இறங்கினாலும் ஸ்பிரிங்கால் வெல்ல முடியாது. நூற்றில் நாலைந்து பங்கு குறைய வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் வால்வு படபடவென்று அடித்துக்கொண்டு தன் சீட்டைத் தானே நொறுக்கிவிடும். ஆக, ஒன்பதரைவரை போகும் ஆவி வீண் செலவு இல்லை.

வரலாறு வேண்டும் என்பவர்களுக்குச் சுருக்கமாக. லண்டனில் 1679-ல் எலும்பை வேகவைக்கும் மூடிய பாத்திரத்தைக் காட்டிய டெனி பப்பேன்தான் அதற்கு எடை வைத்த வால்வையும் சேர்த்தவர். குக்கருக்கும் பாய்லருக்கும் அவரே பாட்டனார். ரயில் வந்த பிறகு, இன்னும் கொஞ்சம் வேகத்துக்காக வால்வை இறுக்கி வைக்கும் டிரைவர்கள் பெருகினார்கள். இங்கிலாந்தின் ஜான் ராம்ஸ்பாட்டம் 1850-களில் இரண்டு வால்வுகளை ஒரே ஸ்பிரிங்கால் பிணைத்தார். ஒன்றை அமுக்கினால் மற்றது திறந்துகொள்ளும்.

இனி சென்சார். தண்ணீர் மட்டத்தைக் கண்காணிக்கவும், நாளாக ஆகப் படிவு சேர்வதைக் காட்டவும் அது நல்ல கருவி, மாட்டட்டும். ஆனால் வால்வின் இடத்தில் அதை வைக்கச் சொல்வது ஏமாற்று. பிரஷர் கூடிவிட்டது என்று சென்சார் சொன்னால், அடுப்புக்குக் காற்று ஊதும் ஃபேனை நிறுத்தலாம். கிரேட்டில் கனன்றுகொண்டிருக்கும் உமியை யார் அணைப்பது? சூடு ஏறும்வரை ஆவி உண்டாகும், உண்டான ஆவி போக வழி வேண்டும். மின்சாரம் போன நேரத்திலும் வால்வு திறக்கும், ஏனென்றால் அதைத் திறப்பது அந்த ஆபத்தேதான்.

அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் 1979 மார்ச் 28-ல் நடந்தது, கருவி சொல்வதை மட்டும் நம்பக் கூடாது என்பதற்குச் சாட்சி. மின்கட்டளையால் இயங்கும் ஒரு பிரஷர் நிவாரண வால்வு திறந்து, மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறை விளக்கு அணைந்தது. வால்வு மூடிவிட்டது என்று நம்பினார்கள். அந்த விளக்கு காட்டியது 'மூடு' என்ற கட்டளை போனதை மட்டும். வால்வு உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறி, உலையின் எரிபொருளில் ஏறக்குறைய பாதி உருகிப்போனது. சிக்குவது எந்த வால்வுக்கும் நேரலாம். அது சிக்கியதை மறைத்தது விளக்கு.

அதனால் நம் வாசகருக்கும் அவர் முதலாளிக்கும் சொல்வது: வால்வு பாஸ் ஆனால் ஸ்பிரிங்கை முறுக்காதீர்கள், சீட்டைத் தேய்த்துச் சமப்படுத்தும் லேப்பிங்குக்குக் கொடுங்கள். ஹைட்ராலிக் டெஸ்ட்டுக்காக வால்வை அமுக்கி வைத்த கிளாம்ப்பைக் கழற்றியாயிற்றா என்று அடுப்பு மூட்டுவதற்குமுன் கண்ணால் பாருங்கள். கைப்பிடியை இழுத்துச் சோதிக்கும்போது, திறக்கும் பிரஷரில் முக்கால் பங்காவது உள்ளே இருக்கட்டும். குறைவாக இருந்தால் அழுக்கு வெளியே போகாமல் சீட்டிலேயே தங்கிவிடும். ஈய சீல் அறுந்த வால்வைக் கண்டால், பாய்லர் இன்ஸ்பெக்டரிடம் சொல்லும்வரை அந்த அடுப்பை மூட்டாதீர்கள்.