ஒரு குச்சியிலிருந்து ஒரு ரோஜாச் செடி



மலர்களுள் ரோஜாவை விரும்பாதார் மிகச் சிலரே. இறைவனுக்குச் சூட்டும் மாலையிலும், மணமக்களின் மாலையிலும், அன்னையர் கூந்தலிலும் அது இடம்பெறுகின்றது. ஆயினும் ரோஜாச் செடியைக் கடையில் வாங்கி வரத்தான் நம்மில் பலர் அறிவோம். ஒரு செடியிலிருந்து மற்றொரு செடியை வீட்டிலேயே உண்டாக்கும் முறையை அறிந்தவர் சிலரே. அம்முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றேன். என் மாணவி ஒருத்தியின் பாட்டியார், தோட்டத்து வீட்டு வாசலில் பன்னீர் ரோஜாச் செடியொன்றைப் பல்லாண்டுகளாக வளர்த்து வந்தார். பின்னர் அக்குடும்பத்தினர் நகரத்து அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபெயர நேர்ந்தது. செடியை வேரோடு தோண்டித் தொட்டியில் வைத்து எடுத்துச் சென்றனர். முதிர்ந்த வேர்கள் அறுபட்டமையால் அது நாளுக்கு நாள் வாடிற்று. பாட்டியார் மனம் தளரவில்லை. பசுமை மாறாதிருந்த கிளைகளிலிருந்து ஆறு குச்சிகளை நறுக்கி நட்டார். சில வாரங்களில் தாய்ச்செடி பட்டுப்போயிற்று. ஆனால் குச்சிகள் என்னவாயின? அதனை இறுதியில் காண்போம்.

விதையை நட்டால் ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். விதையிலிருந்து முளைக்கும் ரோஜா, தாய்ச்செடியைப் போலவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. நிறமும் மணமும் மாறிவிடலாம். குச்சியிலிருந்து வளரும் செடியோ தாய்ச்செடியின் ஒரு பகுதியே ஆகும். ஆதலால் அதே நிறத்திலும் அதே மணத்திலும் பூக்கும்.

இதற்கு உலகப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. பிரான்சு நாட்டைச் சேர்ந்த பிரான்சிஸ் மெய்லாண்ட் என்பவர் மஞ்சள் நிறமும் இளஞ்சிவப்பு ஓரமும் கொண்ட புதுவகை ரோஜா ஒன்றை உருவாக்கினார். 1939ஆம் ஆண்டில் போர் மூளும் தறுவாயில், அதன் மொட்டுக் கிளைகளை அமெரிக்கா முதலிய நாடுகளுக்கு அனுப்பி வைத்தார். அங்கே அக்கிளைகளின் மொட்டுகளை வேறு ரோஜாச் செடிகளில் ஒட்டுக் கட்டி வளர்த்தனர். 1945இல் அம்மலருக்கு அமெரிக்காவில் ‘அமைதி’ எனப் பொருள்படும் ‘பீஸ்’ என்னும் பெயர் சூட்டப்பட்டது. இன்று உலகெங்கும் பூக்கும் ‘பீஸ்’ ரோஜாக்கள் யாவும் ஒரே செடியின் வழிவந்தவையே. ரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் நட்ட ஒட்டுக் கன்றுகளும் இவ்வாறு மொட்டு ஒட்டி உண்டாக்கப்பட்டவையே.

ஒட்டுக் கட்டுவதற்குப் பயிற்சி வேண்டும். குச்சி நடுதலோ எவரும் செய்யக்கூடியது. அதன் முறை வருமாறு:

பூத்து முடிந்த நலமான கிளையைத் தேர்ந்தெடுங்கள். அது பென்சில் பருமன் இருத்தல் நன்று. மிக இளந்தண்டு அழுகிவிடும். மிக முதிர்ந்த தண்டு எளிதில் வேர் விடாது. பெரியவர்களின் துணையோடு, கூரிய கத்தியால் 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்திற்கு நறுக்குங்கள். குச்சியில் மூன்று நான்கு கணுக்களேனும் இருக்க வேண்டும். அடிப்பகுதியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே நேராகவும், நுனியைக் கணுவுக்குச் சற்று மேலே சாய்வாகவும் வெட்டுங்கள். இவ்வாறு செய்தால் எது அடி, எது நுனி என்பது மறவாது. தலைகீழாக நட்ட குச்சி பெரும்பாலும் பிழைப்பதில்லை.

நுனியில் இரண்டு இலைகளை விட்டு, ஏனையவற்றை நீக்கிவிடுங்கள். இலைகள் நீரை ஆவியாக வெளியேற்றுகின்றன. வேரில்லாத குச்சியால் அந்நீரை ஈடுசெய்ய இயலாது. இலைகள் மிகுந்தால் குச்சி வாடுவதற்கு இதுவே காரணம்.

அடியில் துளையுள்ள சிறு தொட்டியில் ஆற்று மணலையும் தேங்காய் நார்த்தூளையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். இப்பொழுது உரம் தேவையில்லை. சிறு கோலால் குழியிட்டு, இரண்டு கணுக்கள் மண்ணுள் மறையுமாறு குச்சியை நட்டு, சுற்றிலும் மண்ணை அழுத்தி நீர் தெளியுங்கள். பின்னர்த் தெளிவான பிளாஸ்டிக் பையால் மூடி, வெயில் நேரே படாத, வெளிச்சமுள்ள இடத்தில் வையுங்கள். பையினுள் ஈரம் நிலைத்திருப்பதால் குச்சி வாடாது. நாள்தோறும் சிறிது நேரம் பையைத் திறந்து காற்றோட்டம் அளியுங்கள். மண் ஈரமாக இருக்க வேண்டும், சேறாகிவிடக் கூடாது. தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கவும் விடாதீர்கள். டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு அத்தகைய நீரில்தான் முட்டையிடும்.

இனி வேண்டுவது பொறுமையே. வெட்டிய இடத்தில் முதலில் தழும்பு போன்ற திசு தோன்றும். பின்னரே வேர்கள் வெளிவரும். இதற்கு நான்கு முதல் எட்டு வாரங்கள் ஆகலாம். அதற்கு முன்பே தளிர் தோன்றினால் ஏமாந்துவிடாதீர்கள். தண்டில் சேமித்த உணவைக் கொண்டே தளிர் விடக்கூடும். தொட்டியின் துளை வழியே வேர் தெரியும் வரை குச்சியை அசைக்காதீர்கள். வேர் கண்டபின் பெரிய தொட்டிக்கு மாற்றி, சிறிது சிறிதாகக் காலை வெயிலுக்குப் பழக்குங்கள். முதலில் அரும்பும் மொட்டுகளைக் கிள்ளிவிடுங்கள். அப்போதுதான் செடி வலுப்பெறும்.

பாட்டியார் நட்ட ஆறு குச்சிகளில் மூன்று அழுகிப்போயின. நான்காவதை, வேர் விட்டதா என்று அறியும் ஆவலில் என் மாணவியே பிடுங்கிப் பார்த்துவிட்டாள். முளைக்கத் தொடங்கியிருந்த மெல்லிய வேர்கள் அறுந்துபோயின. அன்று அவள் அழுதாளாம். எஞ்சிய இரண்டு குச்சிகளை எட்டு வாரங்கள் தொடாமல் காத்திருந்தாள்; இரண்டும் தழைத்தன. இன்று அவற்றுள் ஒன்று அவர்கள் வீட்டு மாடத்தில் மணம் பரப்புகின்றது. மற்றொன்றை அவள் பள்ளிக்குக் கொண்டு வந்தாள். நம் வகுப்பறை வாசலில் பூத்திருக்கும் பன்னீர் ரோஜா அதுவே!

மாணவர்களே, அச்செடியில் பூத்து முடிந்த கிளைகள் இப்பொழுது உள்ளன. விரும்புவோர் ஆசிரியரிடம் கேட்டுக் குச்சி பெற்றுச் செல்லலாம். ஆனால், நட்டபின் பிடுங்கிப் பார்ப்பதில்லை என்று உறுதி கூறிச் செல்லுங்கள்!