இந்தியத் தேனீயின் புணர்ச்சிப் பறப்பும் பணித்தேனீக்களின் செயற்பாடும்: அரியூர் போன்ற சிற்றூர்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இராணித் தேனீ தன் வாழ்நாளின் தொடக்கத்தில் சில நாள்கள் மட்டுமே வெளியே பறந்து ஆண் தேனீக்களோடு இணைகிறது. அந்த இணைவே கூட்டத்தின் எதிர்காலத்தை முடிவு செய்கிறது. ஒரே கூட்டத்தைப் பிரித்துப் பெட்டிகளைப் பெருக்குமிடத்து அடையில் வெற்றறைகள் தோன்றுவதன் காரணத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இந்தியத் தேனீ, புணர்ச்சிப் பறப்பு, பணித்தேனீ, பால் நிர்ணயம், இரட்டைமய ஆண், அரியூர்.

முன்னுரை

புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த அரியூர், நெல்லும் கரும்பும் பயிராகும் வட்டாரத்தில் உள்ளது. நெல்வயல் தேனீக்கு மலர்த்தேன் தருவதில்லை. தென்னை, புளி, வேம்பு முதலிய மரங்களே உணவு தருகின்றன. இத்தகைய ஊர்களில் இரண்டொரு பெட்டிகளோடு தொடங்குவோர், அவற்றையே பிரித்துப் பெருக்குவது எளிது. அவ்வழியில் உள்ள இடர், இராணியின் பறப்பை அறிந்தால்தான் புலப்படும்.

பறப்பின் காலமும் இடமும்

தன் அறையைவிட்டு வெளியேறிய சில நாள்களில் கன்னி இராணி பறப்புக்கு ஆயத்தமாகிறது. பணித்தேனீக்கள் அதனைப் பற்றி உடலை அதிரச்செய்தும், துரத்தியும் பறக்கத் தூண்டுகின்றன. இணைவு கூட்டினுள் நிகழ்வதில்லை. ஆண் தேனீக்கள் திரளும் வான்வெளியிலேயே நிகழ்கிறது.

இலங்கையில் கோனிகர், விஜயகுணசேகர ஆகியோர் செய்து 1976இல் வெளியிட்ட ஆய்வு, மூன்று இனங்களின் ஆண் தேனீக்கள் வெவ்வேறு நேரங்களில் பறப்பதைக் காட்டியது. கொம்புத்தேனீ நண்பகலை ஒட்டியும், இந்தியத் தேனீ மாலை 4 மணிக்குப் பின்னரும், மலைத்தேனீ அந்தி வேளையிலும் பறக்கின்றன. இராணி சுரக்கும் ஈர்ப்பு மணத்தின் முதன்மைக் கூறு இம்மூன்றுக்கும் பொதுவாதலின், இந்நேர வேறுபாடு இனக்கலப்புக்குத் தடையாகிறது.

இராணி பல ஆண்களோடு இணைகிறது. இணைந்த ஆண் இறந்துவிடுகிறது. பெற்ற விந்தணுக்களை இராணி தன் விந்துப்பையில் வாழ்நாள் முழுதும் சேமித்து வைக்கிறது.

வெற்றறைகளின் காரணம்

கருவுறாத முட்டை ஆணாகிறது. கருவுற்ற முட்டையில் பால் நிர்ணய மரபணுவின் இரு அல்லீல்களும் வேறுபட்டிருந்தால் பெண்ணாகிறது. ஒன்றாயிருந்தால் இரட்டைமய ஆணாகிறது. இத்தகைய ஆண் புழுக்களைப் பணித்தேனீக்கள் முட்டையிலிருந்து வெளிவந்த சிறிது நேரத்திலேயே உண்டுவிடுவதைப் போலந்து அறிஞர் வோய்கே ஐரோப்பியத் தேனீயில் 1963இல் நிறுவினார். அடையில் வெற்றறைகள் விரவிக் கிடப்பது இதனாலேயே.

இராணி தன் உடன்பிறந்த ஆண்களோடு மட்டும் இணைவதாகக் கொள்வோம். தாயின் இரு அல்லீல்களில் ஒன்று இராணிக்கு வந்துள்ளது. சகோதரருள் பாதிப்பேர் அதே அல்லீலைப் பெற்றிருப்பர். அவர்கள்வழிக் கருவுறும் முட்டைகளில் பாதி இரட்டைமய ஆண்களாகும். எனவே பணித்தேனீ ஆகவேண்டிய முட்டைகளில் சராசரியாக 25 விழுக்காடு வீணாகும். மாறாக, வெவ்வேறு கூட்டங்களைச் சேர்ந்த பத்து ஆண்களுள் ஒன்று மட்டும் ஒத்த அல்லீல் உடையதாயின் இழப்பு ஏறத்தாழ 5 விழுக்காடே.

1991-92இல் தென்னிந்தியாவில் பரவிய தாய்லாந்துப் பைப்புழு நோய் இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பேரளவில் அழித்தது. கூட்டங்கள் குறையுமிடத்துத் தந்தையரின் வகையும் குறையும். நோயையும் உறவிணைவையும் பிரித்தறிதல் அரிதன்று. பைப்புழு நோயில் இறந்த புழு நீர் நிறைந்த பைபோல் அறையில் கிடக்கும். உறவிணைவில் அறை துப்புரவாக வெறுமையாயிருக்கும். பின்னதற்கு மருந்து இல்லை; வேற்றுக் கூட்டத்து இராணியே தீர்வு.

நடைமுறைப் பயன்

வெவ்வேறு ஊர்களிலிருந்து கூட்டங்களைப் பெறுதல் வேண்டும். ஆண் அறைகளை வீணெனக் கருதி வெட்டி எறிதல் தகாது. இந்தியத் தேனீயின் ஆண் அறை, மூடியில் உள்ள சிறு துளையால் அடையாளம் காணத்தக்கது. புது இராணி பறக்கும் நாள்களில் மாலையில் பெட்டியைத் திறத்தலும், இடம் மாற்றலும் கூடா. வழிதவறி வேற்றுக் கூட்டில் நுழையும் இராணியைப் பணித்தேனீக்கள் கொன்றுவிடும். இராணியை இழந்த கூட்டில் பணித்தேனீக்களே முட்டையிடத் தொடங்கும். அவை கருவுறாதவை ஆதலின் ஆண்களே பிறந்து கூட்டம் அழியும்.

முடிவுரை

பெட்டி ஒருவருக்கு உரியதாயினும், அதன் இராணியோடு இணையும் ஆண்கள் சுற்றுப்புறத்தின் மரப்பொந்துகளிலிருந்தும் அயலார் பெட்டிகளிலிருந்தும் வருகின்றன. புதுச்சேரிக் கொம்யூன்களும் விழுப்புரம் மாவட்டச் சிற்றூர்களும் ஊடுகலந்து கிடக்கும் இப்பகுதியில், இயற்கைக் கூட்டங்களைத் தீயிட்டு அழிக்காமல் காப்பதும் தேனீ வளர்ப்பின் ஒரு கூறே ஆகும்.