‘படிப்பு ஏறலை’ என்ற சொல்லுக்குப் பின்னால்

குமாரலிங்கபுரம் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில் மாலை நேர வகுப்பு. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் பாடப் புத்தகத்தை மடியில் வைத்து வாசிக்கிறான். ‘பொழுது’ என்பதை ‘பெழுது’ என்கிறான். ‘கண்மாய்’ என்ற சொல்லில் நின்று, எழுத்தெழுத்தாகக் கூட்டுகிறான். மூன்று வரியைக் கடப்பதற்குள் வியர்த்துவிடுகிறது. “என்னப்பா வாசிச்ச?” என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறான்.

அதே பத்தியை நாம் வாசித்துக் காட்டினோம். கண்மாய்த் தண்ணீரைப் பங்கிடுவதைப் பற்றிய பாடம் அது. முடிப்பதற்குள் குறுக்கிட்டான். “சார், மடையத் தொறந்தா மொத வயக்காரருக்குத்தான தண்ணி போகும்? கடைசி வயக்காரரு என்ன செய்வாரு?”

பாடத்தின் முடிவில் இருந்த ஐந்து கேள்விகளில் இந்தக் கேள்வி இல்லை. அவை எல்லாவற்றையும்விட இது நல்ல கேள்வி.

வேலை முடிந்து வந்த அவன் தாய் சொன்னார்: “எங்க வீட்டுல யாருக்குமே படிப்பு ஏறல சார். இவனுக்கும் ஏறாதுன்னுட்டாக.” அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபமில்லை. ஏற்றுக்கொண்டுவிட்டார். அதுதான் நம்மை உறுத்தியது.

இரண்டு வேலைகள்

வாசித்துப் புரிந்துகொள்வதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. எழுத்தைப் பார்த்து ஒலியாக்குவது ஒன்று. ஒலியாக்கியதன் பொருளைப் பிடிப்பது மற்றொன்று. காஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் இதை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். இரண்டில் ஒன்று பூஜ்ஜியமானால் விடையும் பூஜ்ஜியம்.

அந்தப் பையனுக்கு இரண்டாவது வேலை நன்றாகவே வருகிறது. காதால் கேட்டால் புரிகிறது, கேள்வியும் கேட்கிறான். முதல் வேலையில்தான் தடை. எழுத்தைக் கூட்டவே முழு மூளையும் செலவாகிவிடுவதால், பொருளைப் பிடிக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

தமிழ் எழுத்துக்கும் இதில் பங்குண்டு. 247 எழுத்துகள். ‘கெ’, ‘கே’, ‘கை’ ஆகியவற்றில் உயிர்க்குறி முன்னால் நிற்கும். ஒலி பின்னால் வரும். ‘கொ’, ‘கோ’ என்றால் குறி இரு பக்கமும் நிற்கும். பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு ஆண்டில் இதைப் பழகிவிடுகிறார்கள். கற்றல் குறைபாடுள்ள பிள்ளைக்கு இது ஆறாம் வகுப்பிலும் புதிதாகவே இருக்கிறது. ல, ள, ழ வேறுபாடும் ர, ற வேறுபாடும் அப்படியே. இதற்கும் அறிவுத்திறனுக்கும் தொடர்பில்லை.

சாதியின் மேல் விழும் பழி

சென்னையில் வசதியான வீட்டுப் பிள்ளை இப்படித் தடுமாறினால் பெற்றோர் மனநல நிபுணரிடம் அழைத்துப் போகிறார்கள். மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் தொடங்கப்பட்டது 1991-இல். ‘தாரே ஜமீன் பர்’ திரைப்படம் வந்தது 2007-இல். ‘டிஸ்லெக்சியா’ என்ற சொல் நகரத்து வீடுகளுக்குப் பழகிவிட்டது. நம் கரிசல் காட்டுக் குடியிருப்புகளில் அதே தடுமாற்றத்துக்கு வேறு பெயர்: ‘அந்தத் தெருப் பிள்ளைகளுக்குப் படிப்பு வராது.’

அந்தத் தாயிடம் நாம் சொன்னது இதுதான். டிஸ்லெக்சியா சில குடும்பங்களில் தொடர்ந்து வருவது உண்மை. ஆனால், உங்கள் தாத்தாவுக்குப் படிப்பு ஏறவில்லை என்று யார் சோதித்துப் பார்த்தார்கள்? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதிப் பழகிய காலத்தில் நம் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையே இல்லை. பஞ்சமர் பிள்ளைகளுக்காக 1894-இல் ஆல்காட் சென்னையில் இலவசப் பள்ளி தொடங்கியது பெரிய செய்தியானது அதனால்தான். கதவு சாத்தப்பட்டிருந்த வீட்டுக்குள் போகாதவனைப் பார்த்து, அவனுக்கு நடக்கத் தெரியாது என்று சொல்வது நியாயமா?

இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். வாசிக்கத் தடுமாறும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கற்றல் குறைபாடு என்று முத்திரை குத்திவிடவும் கூடாது. கரிமூட்டத்துக்கும் செங்கல் சூளைக்கும் பெற்றோரோடு போய்ப் பள்ளி நாட்களை இழந்த பிள்ளைக்குத் தேவை தொடர்ச்சியான பாடம், சான்றிதழ் அல்ல. இரண்டையும் பிரித்தறியத்தான் முறையான சோதனை வேண்டும்.

வகுப்பில் செய்யக்கூடியவை

செலவில்லாத வழிகள் பல உள்ளன. முதலில் பத்தியை ஆசிரியர் வாசித்துக் காட்ட வேண்டும். அடுத்து இருவரும் சேர்ந்து, பின்பு பிள்ளை தனியாக. ஒரு நேரத்தில் ஒரு வரி மட்டும் தெரியும்படி அட்டையால் மற்ற வரிகளை மறைத்தால் கண் தாவாது. குழப்பும் எழுத்துகளை மணலில் விரலால் எழுதி, எழுதும்போதே உரக்கச் சொல்லப் பழக்கலாம். வகுப்பு முழுவதன் முன்னால் திடீரென எழுப்பி வாசிக்கச் சொல்வதை மட்டும் கைவிட வேண்டும்.

பொருள் புரிதலுக்கு பாலின்சர், பிரவுன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1984-இல் விளக்கிய முறை எளிமையானது. அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது, கேள்வி கேட்பது, புரியாத சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது, சுருக்கிச் சொல்வது. இந்த நான்கையும் ஆசிரியர் செய்துகாட்டி, பிறகு பிள்ளைகளிடம் மாற்றிவிட வேண்டும்.

மாலை வகுப்பில் மூன்றே வரியை வைத்து இதைச் செய்து பார்த்தோம். ‘மழை நின்றது. கண்மாய் நிறைந்தது. முத்து வலையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.’ முத்து எதற்குப் போகிறான்? ‘மீன்’ என்ற சொல்லே அதில் இல்லை. ஆனாலும் எல்லாப் பிள்ளைகளும் “மீன் பிடிக்க” என்றார்கள். நம் பையன் ஒரு படி மேலே போனான்: “குத்தகைக்காரருக்குத் தெரிஞ்சா விடமாட்டாக.” சொல்லாததைச் சொன்னதிலிருந்து அறிவதுதான் புரிதல். அது அவனிடம் நிறையவே இருக்கிறது.

பிள்ளை தன் வீட்டுப் பேச்சில் சொல்வதை ஏற்க வேண்டும். ‘வந்தாக’ என்றவனை நிறுத்தி ‘வந்தார்கள் என்று சொல்’ எனத் திருத்தினால், சொல்ல வந்த கதையே தொண்டையில் நின்றுவிடும். முதலில் கதை வரட்டும். பிறகு, ‘வந்தாக’ என்பதைப் புத்தகத்தில் ‘வந்தார்கள்’ என்று எழுதுவார்கள் என இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டலாம்.

சட்டம் தருவது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, கற்றல் குறைபாட்டையும் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. பள்ளிப் பிள்ளைகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுத்து, குறைபாடுள்ளவர்களைக் கண்டறிய வேண்டும் என்கிறது அதன் 17-ஆவது பிரிவு. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், மூன்றாம் வகுப்பிலோ எட்டு வயதிலோ, எது முந்தியதோ அப்போதே ஆசிரியர்கள் முதல்கட்டச் சோதனை செய்ய வேண்டும் என்றது.

சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு போன்ற சலுகைகளைக் கேட்கலாம். குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் உயர்கல்வியிலும் அரசு வேலையிலும் உள்ள இடஒதுக்கீட்டுக்கும் உரிமை உண்டு. பட்டியல் சாதிச் சான்றிதழ் இருப்பது இதற்குத் தடையில்லை.

நடப்பது என்ன? பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போதுதான் பல பெற்றோருக்கு இந்தப் பேச்சே காதில் விழுகிறது. அதற்குள் பிள்ளை பட்டாசுக்கோ மில்லுக்கோ போயிருப்பான்.

2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், அரும்பு, மொட்டு, மலர் எனப் பிள்ளைகளை நிலை பிரித்துக் கற்பிக்கிறது. நல்ல திட்டம். ‘அரும்பு’ நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும் பிள்ளையின் பெயர், தானாகவே வட்டார வள மைய சிறப்பாசிரியரின் மேசைக்குப் போக வேண்டும். அருப்புக்கோட்டை, திருச்சுழி ஒன்றியங்களில் மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடக்கும் தேதியை, ஊராட்சி அலுவலகப் பலகையிலும் நம் குடியிருப்புகளின் ரேஷன் கடையிலும் எழுதிப் போட வேண்டும். கூலியை விட்டுவிட்டு வரும் தாய்க்குப் பேருந்துச் செலவும் தர வேண்டும்.

குமாரலிங்கபுரம் என்றதும் இன்று மாவட்டமே ஜவுளிப் பூங்காவைப் பேசுகிறது. 1,052 ஏக்கர், வேலை வரும் என்கிறார்கள். வரட்டும். அங்கே நீட்டப்படும் ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போடுகிறவனாக நம் பிள்ளை இருக்க வேண்டாமா?

அடுத்த வாரம் அந்தத் தாய் பள்ளிக்குப் போய்த் தலைமை ஆசிரியரிடம் எழுத்துப்பூர்வமாக மனுக் கொடுக்கிறார். மகன் சொல்லச் சொல்ல நாம் எழுதினோம். ‘என்னைச் சோதித்துப் பாருங்கள்’ என்ற வரியை மட்டும் அவனே எழுதினான். இரண்டு எழுத்து தவறு. திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டோம்.