நாலு வங்கிக் கணக்கு, ஒரு எக்ஸெல் ஷீட்: லாபமா, நஷ்டமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "படம் பார்க்கிறோம், பாட்டுக் கேட்கிறோம், கடிதம் டைப் செய்கிறோம். வேறு என்ன உருப்படியாகச் செய்யலாம்?" என்பது. என் பதில்: உங்கள் வங்கிக் கணக்குகளை ஒரு எக்ஸெல் ஷீட்டில் போட்டுப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

நான் சாப்ட்வேர் இன்ஜினீயர். எண்களோடுதான் தினமும் வேலை. ஆனாலும் என் சொந்தப் பணத்தை இப்படிப் போட்டுப் பார்க்க எனக்கு ஒரு மோசமான இரவு தேவைப்பட்டது.

மாதக் கடைசி. இரவு 11 மணிக்கு மதுரையிலிருந்து அம்மா போன் செய்தார். அப்பாவுக்கு நெஞ்சு வலி, மருத்துவமனையில் 50,000 ரூபாய் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள் என்றார். என் சம்பளக் கணக்கில் 12,000தான் இருந்தது. ஆனால் அதிக வட்டிக்காகத் திறந்திருந்த இன்னொரு கணக்கில் 60,000 இருந்தது. அன்றுதான் புது போனுக்கு மாறியிருந்தேன். அந்தக் கணக்கை யுபிஐயில் மறுபடி பதிவு செய்தபோது, முதல் 24 மணி நேரத்திற்கு 5,000 ரூபாய்தான் அனுப்பலாம் என்று வந்தது. சரி, கம்ப்யூட்டரில் நெட் பேங்கிங் போகலாம் என்றால் பாஸ்வேர்ட் மறந்துவிட்டது. மாற்றுவதற்கு டெபிட் கார்டு எண் வேண்டும். கார்டு அலுவலக மேஜை டிராயரில்!

கடைசியில் உடன் வேலை பார்க்கும் நண்பர் பணம் அனுப்பினார். அப்பா இப்போது நலமாக இருக்கிறார். ஆனால் 60,000 ரூபாயை வைத்துக்கொண்டு கடன் கேட்ட அந்த ஒரு மணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை.

நாலு கணக்கு எப்படி வந்தது?

ஒன்று, இப்போதைய சம்பளக் கணக்கு. இரண்டாவது, முந்தைய கம்பெனியின் சம்பளக் கணக்கு. மூன்றாவது, '7 சதவீதம் வரை வட்டி' என்ற விளம்பரத்தைப் பார்த்துத் திறந்தது. நான்காவது, கல்லூரி நாளில் ஊரில் திறந்தது. ஒன்றில் விமான நிலைய லவுஞ்ச், ஒன்றில் சினிமா டிக்கெட் சலுகை, ஒன்றில் கேஷ்பேக். எல்லாம் சேர்த்து நான் கெட்டிக்காரத்தனமாகப் பணத்தைச் சுழற்றுகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

முதலில் சில அடிப்படைகள்

நம் நாட்டில் கரன்ட் அக்கவுண்ட் வியாபாரிகளுக்கானது. ரிசர்வ் வங்கி விதிப்படி அதற்கு வட்டி கிடையாது. வட்டி வேண்டுமென்றால் சேமிப்புக் கணக்குதான்.

முன்பெல்லாம் மாதத்தின் 10ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி தருவார்கள். 2010 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு நாள் இருப்புக்கும் கணக்கிடுகிறார்கள். 2011 அக்டோபரில் வட்டி விகிதத்தை வங்கிகளே நிர்ணயிக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. வங்கிக்கு வங்கி வட்டி வேறுபடுவது அதற்குப் பிறகுதான். உதாரணமாக, ஸ்டேட் பாங்க் 2025 ஜூன் 15 முதல் தன் சேமிப்புக் கணக்கு வட்டியை 2.5 சதவீதமாகக் குறைத்தது. சில சிறிய வங்கிகள் இதைவிட அதிகம் தருகின்றன.

விளம்பரத்தில் 'வரை' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு லட்சம் ரூபாய் வரையிலான இருப்புக்கு ஒரு வங்கி ஒரே விகிதம்தான் தர வேண்டும். அதற்கு மேல் போனால் தொகைக்கேற்ப வேறு விகிதம் வைத்துக்கொள்ளலாம். என் மூன்றாவது வங்கியில் 7 சதவீதம் என்பது 5 லட்சத்துக்கு மேல் உள்ள பகுதிக்கு மட்டும். என் 60,000க்குக் கிடைத்தது 3.5 சதவீதம்!

ஷீட் தயாரிப்பது எப்படி?

எக்ஸெல் இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். இரண்டிலும் முறை ஒன்றுதான்.

1. ஒவ்வொரு வங்கியின் நெட் பேங்கிங்கிலும் நுழைந்து, ஓராண்டு ஸ்டேட்மென்டை எக்ஸெல் பைலாக டவுன்லோட் செய்யுங்கள்.

2. அந்த பைலைத் திறந்து, கன்ட்ரோல் கீயுடன் எஃப் கீயை அழுத்துங்கள். தேடும் பெட்டியில், கட்டணத்துக்கு 'சிஎச்ஜி' என்ற மூன்று எழுத்துகளையும், வட்டிக்கு 'ஐஎன்டி' என்ற மூன்று எழுத்துகளையும் ஆங்கிலத்தில் டைப் செய்து தேடுங்கள். பெரும்பாலும் இவற்றில் சிக்கிவிடும். சிக்காவிட்டால் பணம் கழித்த வரிகளை ஒரு முறை கண்ணால் ஓட்டிப் பாருங்கள்.

3. புதிய ஷீட்டில் முதல் வரியில் இந்தத் தலைப்புகளை வரிசையாக டைப் செய்யுங்கள்: வங்கி, சராசரி இருப்பு, வந்த வட்டி, போன கட்டணம், மிச்சம், கடைசியாகப் பயன்படுத்திய தேதி.

4. ஒவ்வொரு கணக்கையும் ஒரு வரியில் நிரப்புங்கள். 'மிச்சம்' கட்டத்தில் மட்டும் எண்ணை டைப் செய்ய வேண்டாம். சமக் குறி (=) போட்டு, வட்டிக் கட்டத்தை மவுஸால் கிளிக் செய்து, கழித்தல் குறி (-) போட்டு, கட்டணக் கட்டத்தைக் கிளிக் செய்து, என்டர் கீயை அழுத்துங்கள். விடை தானாக வரும். அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு புள்ளியைப் பிடித்துக் கீழே இழுத்தால், மற்ற வரிகளுக்கும் கணக்குப் போட்டுவிடும்.

5. கடைசி வரிக்குக் கீழே ஆட்டோசம் பட்டனைக் கிளிக் செய்தால் கூட்டுத்தொகை கிடைக்கும்.

என் ஷீட் என்ன சொன்னது?

புரிவதற்காக எண்களைச் சற்று முழுமையாக்கித் தருகிறேன்.

சம்பளக் கணக்கு: இருப்பு 40,000, வட்டி 1,000, கட்டணம் 236, மிச்சம் 764.
பழைய சம்பளக் கணக்கு: இருப்பு 5,000, வட்டி 125, கட்டணம் 2,360, நஷ்டம் 2,235.
அதிக வட்டிக் கணக்கு: இருப்பு 60,000, வட்டி 2,100, கட்டணம் 295, மிச்சம் 1,805.
ஊர்க் கணக்கு: இருப்பு 15,000, வட்டி 375, கட்டணம் 71, மிச்சம் 304.

மொத்தம் 1,20,000 ரூபாய்க்கு வட்டி 3,600; கட்டணம் 2,962. ஓராண்டு சுழற்றியதில் எனக்கு மிஞ்சியது 638 ரூபாய். பணம் முழுவதையும் சம்பளக் கணக்கிலேயே 2.5 சதவீதத்தில் தூங்க விட்டிருந்தால், கார்டு கட்டணம் போக 2,764 மிஞ்சியிருக்கும்!

கோட்டை விட்டது எங்கே? பழைய சம்பளக் கணக்கில். சம்பளம் வருவது நின்று சில மாதங்களானால் அது சாதாரண சேமிப்புக் கணக்காக மாறிவிடும். குறைந்தபட்ச இருப்பு விதி வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கு ஐந்து மாதம், மாதம் 300 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி. கூடவே டெபிட் கார்டு ஆண்டுக் கட்டணம் 500, அதற்கும் ஜிஎஸ்டி. கட்டணம் விதிக்கும் முன் வங்கி உங்களுக்குத் தெரிவித்து, இருப்பைச் சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எனக்கும் மெயில் வந்திருக்கிறது. நான்தான் திறந்து பார்க்கவில்லை.

அதிக வட்டிக் கணக்கால் கூடுதலாகக் கிடைத்தது ஆண்டுக்கு 600 ரூபாய். கார்டு கட்டணம் போக 305. மாதம் 25 ரூபாய்! இதற்காகத்தான் அந்த இரவில் தவித்தேன். சலுகைகள்? லவுஞ்சுக்கு ஒரு முறைகூடப் போகவில்லை. மூன்று மாதத்தில் குறிப்பிட்ட தொகை கார்டில் செலவு செய்திருந்தால்தான் விடுவார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

இப்போது என்ன செய்கிறேன்?

இரண்டு கணக்கு மட்டும். ஒன்று சம்பளமும் செலவும். இன்னொன்று, வேறு வங்கியில், அவசரத்துக்கு. ஒரு வங்கியின் சர்வர் படுத்துக்கொண்டால் மற்றது கை கொடுக்கும். ஊர்க் கணக்கைத்தான் அவசரத்துக்கு வைத்துக்கொண்டேன். மாதம் ஒரு முறை அதில் நுழைந்து ஒரு சிறு தொகையாவது அனுப்பிப் பார்க்கிறேன். பாஸ்வேர்ட் மறக்காது, கணக்கும் உயிரோடு இருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நாம் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாவிட்டால் கணக்கு செயலற்றதாகிவிடும் என்பது நினைவிருக்கட்டும்.

வட்டிக்கு ஆட்டோ ஸ்வீப் வசதியைப் போட்டிருக்கிறேன். நாம் சொல்லும் அளவுக்கு மேல் சேரும் பணம் தானாக பிக்சட் டெபாசிட்டுக்குப் போகும். தேவைப்பட்டால் தானாகத் திரும்பும். டெபாசிட் வட்டி 6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1,20,000ல் 20,000ஐ சேமிப்பில் விட்டு மீதியை ஸ்வீப்பில் வைத்தால் ஆண்டுக்கு 6,500. வங்கி வங்கியாக அலைந்து சம்பாதித்த 3,600ஐ விட இது எவ்வளவோ மேல். இடையில் உடைத்தால், பணம் இருந்த நாட்களுக்கு உரிய குறைந்த வட்டிதான் கிடைக்கும். சில வங்கிகள் அபராதமும் பிடிக்கும். பழைய வருமான வரி முறையில் சேமிப்புக் கணக்கு வட்டிக்கு உள்ள 10,000 ரூபாய் கழிவு, டெபாசிட் வட்டிக்குப் பொருந்தாது. இதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

பெரிய தொகை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் பல வங்கிகளில் பிரித்து வைக்க நல்ல காரணம் உண்டு. ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து, 5 லட்சம் ரூபாய் வரைதான் டெபாசிட் காப்பீடு. 2020 பிப்ரவரியில் 1 லட்சத்திலிருந்து உயர்த்தப்பட்ட வரம்பு இது.

கணக்கை மூடும் முன்

அந்தக் கணக்கிலிருந்து தவணை, இன்சூரன்ஸ் பிரீமியம், எஸ்ஐபி ஏதாவது போகிறதா என்று அதே ஸ்டேட்மென்டில் பாருங்கள். பிஎஃப், வருமான வரி ரீஃபண்ட் ஆகியவற்றுக்கு அந்த எண்ணைக் கொடுத்திருந்தால் மாற்றுங்கள். பிறகு மூடுங்கள். பழைய ஸ்டேட்மென்டுகளை ஒரு போல்டரில் சேமித்து வைப்பது நல்லது.

கடைசியாக, பாதுகாப்பு. இந்த ஷீட்டில் பாஸ்வேர்ட், பின் எண், முழுக் கார்டு எண் எதையும் எழுதவே கூடாது. எக்ஸெல்லில் ஃபைல், இன்ஃபோ, ப்ரொடெக்ட் ஒர்க்புக், என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட் என்று போய் பைலைப் பூட்டிவிடுங்கள். அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் திறக்க வழியில்லை. வங்கித் தளத்தின் முகவரி 'டாட் பாங்க் டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். 2025 அக்டோபர் இறுதிக்குள் வங்கிகள் இந்த முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கூறியிருந்தது.

என் ஷீட்டில் இப்போது ஒரு தலைப்பு கூடியிருக்கிறது: 'ராத்திரி 11 மணிக்கு எடுக்க முடியுமா?' இரண்டு வரியிலும் 'ஆம்' என்று இருக்கிறது. அம்மாவிடமும் அவசரக் கணக்கின் ஒரு கார்டைக் கொடுத்து வைத்திருக்கிறேன், அது கூட்டுக் கணக்கு என்பதால். உங்கள் ஷீட்டிலும் அந்தத் தலைப்பை மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.